முதல் கவளம்

மீன்குழம்பு வைத்த நாளைவிட மறுநாள்தான் ருசி. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது, சிங்காரவேல். நீங்கள் சைவம் என்று கேள்வி. அப்படியானால் வத்தக்குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புளியும் உப்பும் உள்ளே இறங்க ஓர் இரவு பிடிக்கும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். முந்தின நாள் மீன்குழம்பைச் சாப்பிட்டதால் யாரும் செத்துப்போவதில்லை. இதை யாராவது எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி போன வாரம் போனில் கேட்டீர்கள். மலரின் ஆசிரியர் என்ற முறையில் தலைப்பையும் நீங்களே வைத்துவிட்டீர்கள்: 'அன்னம் காத்த அண்ணல்'. சுரங்கத்து ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற ஒருவனை அண்ணலாக்க உங்களுக்கு ஒரு மோனைதான் தேவைப்பட்டிருக்கிறது. போகட்டும். போனை வைப்பதற்கு முன், "கடைசியா ஒரே ஒரு கேள்வி சார், கட்டம் கட்டிப் போடலாம். உங்க வாழ்க்கையில நீங்க வீணாக்கின சாப்பாடுன்னு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சிரித்தீர்கள். "உங்களுக்கு என்ன சார் யோசனை, இல்லைன்னு போட்டுடறேன்" என்றீர்கள்.

போட வேண்டாம். உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் ப்ளாக் குடியிருப்போர் மன்றத்துக்கு ஒரு சமுதாயக் கூடம் உண்டு. கல்யாணம், காதுகுத்து, ரிட்டயர் ஆகிறவர்களுக்குப் பொன்னாடை எல்லாம் அங்கேதான். மன்றத்தின் செயலாளர் நான். செயலாளர் என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை, சாவி வைத்திருப்பவர் என்று அர்த்தம். சாவி வைத்திருப்பவன் பந்தி முடிந்த பிறகும் இருந்தாக வேண்டும். அப்படி இருந்து பார்த்ததில் பிறந்ததுதான் 'பருக்கை இயக்கம்'. இலைத் தொட்டியில் தொடாத ஜாங்கிரி கிடக்கும், கடிக்காத வடை கிடக்கும், நெய் ஊற்றிய சோறு அப்படியே மலர்ந்து கிடக்கும். எனக்குப் பொறுக்காது. மேடைக்காகச் சொல்லவில்லை. சாப்பாடு வீணாவதைப் பார்த்தால் உண்மையிலேயே எனக்கு அடிவயிற்றில் என்னமோ செய்யும். மனிதர்களைப் பார்த்து அப்படி ஆனதாக ஞாபகம் இல்லை.

பந்திக்கு முன்னால் மணமக்களை மைக் எதிரே நிறுத்தி, ஒரு பருக்கையும் வீணாக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தோம். அதற்குள் பாயசம் ஆறிப்போகும். பரவாயில்லை. கைகழுவும் இடத்தில் கரும்பலகை மாட்டி, 'இன்று வீணானது' என்று எழுதி, எடை போட்டு எதிரே குறித்தோம். ஒரு பெரிய அதிகாரி, பெண்ணைப் பெற்றவர், ஜாங்கிரியை உள்ளே வைத்து இலையை மடித்துவிட்டார். நான் போய் இலையைப் பிரித்தேன். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த ஜாங்கிரியை முழுவதும் சாப்பிட்டார். சர்க்கரை வியாதிக்காரர் என்று பிறகு சொன்னார்கள். அன்று பலகையில் நல்ல எண் வந்தது.

கடலூரில் ஒரு ஓட்டலில் உணவு விரயம் பற்றிய கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். விளைவதில் எவ்வளவு குப்பைக்குப் போகிறது, குப்பையிலிருந்து எவ்வளவு விஷவாயு வருகிறது, பூமி எப்படிச் சூடாகிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். மதியம் பஃபே. தட்டில் இடம் போதாமல் பேச்சாளர்கள் தவித்தார்கள். அந்த ஓட்டலின் பின்வாசலுக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோரும் பேசினார்கள், நான் செய்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

இலையில் வீணாவதை நிறுத்திவிட்டோம். அண்டாவில் தங்குவதை என்ன செய்வது? முதல் காரியமாக 'மிச்சம்' என்ற சொல்லுக்குத் தடை விதித்தேன். ஷிப்ட் சங்குக்கு எழுந்து ஷிப்ட் சங்குக்குப் படுக்கிற ஊர் இது. அதனால் 'செகண்ட் ஷிப்ட்' என்று பேர் வைத்தேன். விருந்தாளிகள் சாப்பிடுவது முதல் ஷிப்ட். அதன் பிறகு அண்டாவில் இருப்பது கான்ட்ராக்ட் ஆட்களுக்கு, செகண்ட் ஷிப்ட். பேர் மாறியதும் கொடுக்கிறவர்களுக்கும் கூச்சம் போயிற்று. வாங்குகிறவர்களுக்கும் போயிருக்கும் என்று எழுதிக்கொண்டோம்.

மாணிக்கம்மாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தாள். கூடத்தைப் பெருக்கிக் கழுவுகிற கான்ட்ராக்ட் வேலை. வருஷா வருஷம் அதை நீட்டிக்கக் கையெழுத்துப் போடுவது நான். உயிரோடு இருந்தவரை அவளை நீ, வா, போ என்றுதான் சொன்னேன். இரங்கல் தீர்மானத்தில் 'அவர்' ஆக்கினோம். இங்கே பழைய வழக்கப்படியே எழுதுகிறேன். அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

முதல்முறை செகண்ட் ஷிப்டுக்குக் கூப்பிட்டபோது, மற்றவர்கள் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் மட்டும் தொடப்பத்தை ஊன்றி நின்றாள்.

"எலையில வச்சதுங்களா, அண்டாவுல இருந்ததுங்களா?"

"அண்டாவுலேருந்துதான். எச்சில் கிடையாது."

"அதெப்பிடிங்க சார் நம்புறது? எங்க மாமியாளுக்கும் வேல செஞ்ச வூட்டுல இப்பிடித்தான் சொல்லிக்கினே போடுவாங்களாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீங்க ஒரு வாய் சாப்புடுங்க. அப்பறம் நாங்க சாப்புடறோம்."

மன்றத்துக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது. அண்டாவிலிருந்து ஒரு கவளம் எடுத்து, நின்றபடி, எல்லோர் முன்னாலும் வாயில் போட்டு விழுங்கினேன். அவள் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. முதல் கவளம் செயலாளருடையது. வழக்கம் பிறகு கொள்கையாயிற்று, கொள்கை பிறகு போஸ்டராயிற்று. அவள் கேட்ட கேள்வி மட்டும் போஸ்டரில் இடம் பெறவில்லை.

போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் சென்னையிலிருந்து 'நிலைத்த நுகர்வு அவை' என்ற அமைப்பினர் வந்தார்கள். 'மிச்சமில்லா மண்டபம்' என்று ஒரு விருது. எங்கள் கூடம் இறுதிச் சுற்றில் இருந்தது. மூன்று பேர், இரண்டு காரில். தலைவி டாக்டர் அம்சவல்லி அம்மையார். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. அன்று ஒரு முகூர்த்தம். அம்மையாரைப் பந்தியில் உட்கார வைத்தோம். அவர் சோறு எடுப்பதில்லையாம். எல்லாம் போட்ட பிறகு சொன்னார். அவர் இலையை எங்கள் இயக்கத் தொண்டர்கள் பலகைப் பக்கம் வராத வழியாக எடுத்துப் போனார்கள். விருந்தினர் இலை கணக்கில் சேராது என்று அந்த இடத்திலேயே ஒரு விதி செய்தேன்.

பந்தி முடிந்தது. பலகையில் பூஜ்யம். அண்டாவிலும் எதுவும் தங்கவில்லை, அவ்வளவு கச்சிதமான சமையல். அவையினர் உட்காருவதற்கு ஜமுக்காளம் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். சமையல்காரர் தெய்வசிகாமணியும் கூட வந்தார். சுருட்டி வைத்த ஜமுக்காளங்களுக்குப் பின்னால் ஒரு குண்டான் இருந்தது. முந்தின நாள் மாலை வரவேற்புக்குச் செய்த சாம்பார் சாதம். பரிமாறும்போது கரண்ட் போயிருந்தது. நாடு முழுக்கக் கரண்ட் அனுப்புகிற ஊரில் கரண்ட் போவது பற்றி இங்கே யாரும் வியப்பதில்லை. அந்த இருட்டில் யாரோ உள்ளே தள்ளி வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், மூடி போட்டபடி இருந்திருக்கிறது.

தெய்வசிகாமணி மூடியைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார்.

"ஊசிப்போச்சுங்க. மாட்டுக்குக்கூட வக்காதீங்க. பின்னாடி குழி வெட்டிக் கொட்டிடலாம்."

நானும் திறந்து பார்த்தேன். கரண்டியால் தூக்கினேன், நூல் விட்டது. அவர் சொன்னது சரி. இதை நான் மறைக்கவில்லை. கொட்டிவிடலாம் என்று தலையை ஆட்டினேன். அப்போது அம்மையார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இது என்ன?"

தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார். நான் பலகையை நினைத்துக்கொண்டேன்.

"செகண்ட் ஷிப்டுக்கு மேடம்."

"அருமை. அந்தப் பயனாளிங்க சாப்பிடறதை நாங்க பாக்கணுமே."

அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன், சிங்காரவேல். நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பீர்கள். வாக்கியம் இன்னும் கொஞ்சம் அழகாக இருந்திருக்கும்.

அம்மையார் அந்தப் பக்கம் போனதும் தெய்வசிகாமணியை அடுப்பு பற்ற வைக்கச் சொன்னேன். "நீங்களே பண்ணிக்குங்க சார்" என்று தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நானே செய்தேன். நல்லெண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் கொஞ்சம் தாராளமாக. இறக்கி வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நன்றாகச் சூடு பண்ணினால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்பது என் எண்ணம். அறிவியல்படி அதில் பாதி உண்மை. கிருமி செத்தாலும் அது கக்கி வைத்த விஷம் சூட்டுக்கு அசையாது என்ற மீதிப் பாதியைப் பிறகுதான் படித்தேன்.

ஷிப்ட் நேரம் என்பதால் மற்ற கான்ட்ராக்ட் ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். மாணிக்கம்மாள் ஒருத்திதான் இருந்தாள். பின்கட்டில் இலைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, கையைத் துடைக்கச் சொல்லி, ஜமுக்காளத்தில் உட்கார வைத்தோம். அத்தனை வருஷத்தில் அந்த ஜமுக்காளத்தை அவள் உதறியிருக்கிறாள், சுருட்டியிருக்கிறாள். உட்கார்ந்தது அன்றுதான். காலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒருபக்கமாக மடக்கிக்கொண்டாள். நானே இலை போட்டு, நானே பரிமாறினேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஒரு மாதிரி வாட வருதுங்களே சார்."

"பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா விழுந்துடுச்சு மாணிக்கம்மா."

"அப்ப மொதல்ல நீங்க சாப்புடுங்க" என்று நிமிர்ந்து சிரித்தாள்.

அம்மையார் அது என்ன என்று விசாரித்தார். வழக்கத்தைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டார். புகைப்படக்காரரைக் கிட்டே வரச் சொன்னார். நான் குண்டானிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். மலரின் அட்டைக்கு நீங்கள் கேட்கிற படம் அதுதான்.

மாணிக்கம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாகப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு அம்மையாரைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்று அம்மையார் கேட்டதற்கு, "சார் குடுத்தா நல்லாத்தாங்க இருக்கும்" என்றாள். அந்த வீடியோ இன்னும் அவையின் பக்கத்தில் இருக்கிறது. குண்டானில் இருந்ததை வழித்து இன்னொரு தடவை போட்டேன். அதையும் சாப்பிட்டாள். இலையில் பருக்கை இல்லை. பிறகு எழுந்துபோய் அந்தக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்ததும் அவள்தான். அவளை யாரும் அதற்குச் சொல்லவில்லை. வேலையில் அவ்வளவு சுத்தம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். அவள் மகள் மணிமொழியும் மந்தாரக்குப்பத்தில்தான், இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். முந்தின நாள் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்து, அம்மாவுக்கு ஒரு சட்டியில் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். மாணிக்கம்மாள் அதில் இரண்டு வாய் சோறு சாப்பிட்டிருக்கிறாள். அதன் பிறகுதான் வாந்தி. மறுநாள் பொழுது விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. சாப்பாட்டில் சோதனைக்கு அனுப்ப ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். "நாங்க மிச்சம் வைக்கிறதில்லை சார்" என்றேன். தடை செய்த சொல் என் வாயிலிருந்தே வந்தது. கூடவே, அந்த நேரத்திலும், கொஞ்சம் பெருமையும் வந்தது. பழக்கம். அதே சோற்றை வேறு யாராவது சாப்பிட்டார்களா என்றார். படத்தைக் காட்டினேன். படத்தையும் பார்த்தார், எதிரே கிண்ணென்று நின்ற என்னையும் பார்த்தார். ஒரே சோற்றை இரண்டு பேர் சாப்பிட்டு ஒருவர் நன்றாக இருந்தால் கோளாறு சோற்றில் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். மீதி இருந்தது மீன்குழம்பு. அந்தச் சட்டியைத் துக்கத்துக்கு வந்த யாரோ குழம்போடு தூக்கித் தெருமுனையில் உடைத்துப் போட்டிருந்தார்கள். அதனால் அதையும் சோதிக்க முடியவில்லை. சோதிக்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தெய்வசிகாமணி வாயைத் திறக்கவில்லை. அவர் சமைத்த சோறு என்று பேர் வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? இப்போது பண்ருட்டிப் பக்கம் வேலை செய்கிறார். எங்கேயாவது கல்யாணத்தில் பார்த்தால் நான் இருக்கிற வரிசைக்கு வேறு ஆளைப் பரிமாற அனுப்புகிறார்.

நான் மாலையோடு இழவு வீட்டுக்குப் போனபோது அங்கே தீர்ப்பு முடிந்திருந்தது. "கொழம்பு குடுத்து அனுப்பிட்டாளே ஆத்தாள" என்று ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டாள். மணிமொழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. அவளைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. நான் மாலையை வைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். இழவு வீட்டில் அதிகம் பேசக்கூடாது.

விருது எங்களுக்குத்தான் கிடைத்தது.

வருஷம் திரும்பியதும், அம்மையார் அனுப்பிய படம் ஒன்றைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு மணிமொழி வீட்டுக்குப் போனேன். மாணிக்கம்மாள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற படம். மதியம் தாண்டிய நேரம். மணிமொழி வாசலில் நின்று ஒரு சட்டி குழம்பைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள். நல்ல கத்தரிக்காய்க் குழம்பு, மேலே எண்ணெய் மிதந்தது. பக்கத்தில் ஒரு பாத்திரம் சோறு முறை காத்திருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"காலையில வச்சதுங்க சார். மதியத்துக்கு மேல வூட்டுல எதையும் வக்கறதில்ல."

"இன்னும் ரெண்டு பேர் சாப்பிடலாமேம்மா அதை."

"ரெண்டு பேரு சாவலாம் சார்" என்று சோற்றையும் கவிழ்த்தாள். "எங்க மாமியா எங் கையால தண்ணிகூட வாங்கறதில்ல. அவரு ஓட்டல்ல சாப்ட்டுக்கினு வராரு. புள்ளைக்கு நான் ஊட்டுனா புடுங்கிக்கினு போயி அந்தம்மா ஊட்டுது. யாருக்கு வக்கறது?"

அவள் சொன்ன 'அவரு' அவள் கணவன் கார்முகில். நல்ல பையன் என்றுதான் பேர்.

படத்தைக் கொடுத்தேன். வாங்கிப் புடவையில் துடைத்துப் பார்த்தாள். இலைக்குப் பின்னால் குண்டானோடு நான் நிற்பதும் அதில் இருக்கிறது. அதில் விரலை வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். நீங்களும் அந்த சோத்த சாப்ட்டீங்கல்ல?"

"முதல் கவளம் எப்பவும் என்னுதுதானேம்மா."

"உங்களுக்கு வயித்துக்கு ஒண்ணும் பண்ணலீங்களா?"

"இல்லம்மா."

"லேசாக்கூட வலிக்கலீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க சார். அன்னிக்கு ராத்திரி, மறுநாளு. லேசா."

நான் யோசித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு லேசாக வயிறு வலித்திருந்தால் போதும், அவளுக்கு. அன்று அவளுக்குக் கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது, ஆனால் பொய் சொல்வது என் சுபாவம் இல்லை.

"லேசாக்கூட இல்லம்மா" என்றேன்.

"அப்ப எங் கொழம்புதான்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்பதைக் கவனித்திருப்பீர்கள். திரும்பி வந்ததும், மந்தாரக்குப்பம் பகுதியில் வீட்டு உணவு விரயம் அதிகமாக இருக்கிறது, விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்று மன்றத்தில் பேசினேன். ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது உடம்பு கொஞ்சம் சரியில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், மலருக்கு வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள். குக்கரைத் திறந்ததும் வருகிற முதல் ஆவியில் அந்த வாடை வருகிறது. புதுச் சோறு, புதுப் பருப்பு, எதுவாக இருந்தாலும். விஜயலட்சுமி, என் மனைவி, முகர்ந்து பார்த்து ஒன்றுமில்லை என்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் கொல்லைப் பக்கம் தொடப்பம் கூட்டுகிற சத்தம் கேட்கிறது. தென்னந்தொடப்பம், நிதானமான கை. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் சத்தம் நின்றுவிடும். கூட்டுகிறவள் நிமிர்ந்து, ஊன்றி நின்று, நான் விழுங்குகிறேனா என்று பார்ப்பது போல. விழுங்கினால்தான் மறுபடி கூட்டுவாள். சில நாள் வெகுநேரம் ஆகிறது. "என்னாங்க, வாயில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க, முழுங்குங்களேன்" என்கிறாள் விஜயலட்சுமி. இடது கன்னத்துக்குள் ஏதோ ஒதுங்கி நிற்கிறது. நாக்கால் துழாவினால் ஒன்றும் அகப்படுவதில்லை. பல் டாக்டரும் விளக்கடித்துப் பார்த்துவிட்டார்.

அதனால்தான் அட்டைக்கு அந்தப் படம் வேண்டாம் என்கிறேன். உற்றுப் பாருங்கள், என் இடது கன்னம் சற்று உப்பியிருக்கிறது. கவளம் வாயில் இருக்கிறவனுக்கு அப்படித்தானே இருக்கும் என்பீர்கள். புகைப்படக்காரர் அடுத்தடுத்து எடுத்த படங்களையும் வாங்கிப் பாருங்கள். அம்மையார் கைதட்டுகிறார், என் கன்னம் அப்படியே இருக்கிறது. மாணிக்கம்மாள் பாதி இலை முடித்துவிட்டாள், என் கன்னம் அப்படியே இருக்கிறது. நான் குண்டானை வழித்து அவளுக்கு இரண்டாம் தடவை போடுகிறேன். அப்போதும் அப்படியே. இத்தனை பேர் பார்த்த படங்களில் இதை யாரும் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்திதான் கவனித்தாள். கவனித்த பிறகும் குனிந்து சாப்பிட்டாள். விருந்தாளிகள் முன்னால் என் மானம் போகக் கூடாது என்று நினைத்தாளோ, அடுத்த மாதம் நான் போட வேண்டிய கையெழுத்தை நினைத்தாளோ, தெரியாது. கேட்க வாய்ப்பில்லை.

மணிமொழியிடம் சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விஷயம் வெளியே வந்தால் யாரும் நாளைக்குச் சாப்பாட்டைக் கொடுக்கத் துணிய மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். எத்தனை மண்டபம், எத்தனை அண்டா. எல்லாம் குழிக்குப் போகும். ஒரு குடும்பத்து மனக்கஷ்டத்தை அதோடு வைத்து எடை போட்டுப் பார்க்க வேண்டும், போட்டுப் பார்த்தேன். அவளுக்காக என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன்: இந்தக் கட்டுரையின் முதல் பத்தி. மற்றதை இடம் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். முதல் பத்தியை மட்டும் சமையல் குறிப்பு மாதிரி தனியாகப் போட்டுவிடுங்கள். மலர் ஒன்றை அவள் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. அம்மையார் பின்கட்டில் எச்சில் இலைகளை மக்க வைக்கிற எருக்குழியைப் பார்க்கத் திரும்பியதும் நான் தூணுக்குப் பின்னால் போய்க் கைக்குட்டையில் துப்பினேன். வாயைக் கொப்பளித்தேன், இரண்டு மூன்று தடவை. கைக்குட்டையைக் கூடத்துத் தொட்டியில் போடவில்லை, பலகையில் பூஜ்யம் எழுதியிருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அம்மையாரின் பாராட்டுரையைக் கேட்டேன். ஈரம் மெல்ல நெஞ்சில் இறங்கியது. வீடு திரும்பும்போது வழியை மாற்றி மந்தாரக்குப்பத்துக்குப் போய், அங்கே ஒரு குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கட்டம் கட்டி இப்படிப் போடுங்கள். வீணாக்கியது உண்டு. ஒரே ஒரு கவளம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. யாராவது சாப்பிட்டிருப்பார்கள்.